மலையகத் தமிழர் என்றே சொல்லுவோம்!

ஒரு மக்கட் கூட்டத்தை எப்பெயரால் அழைப்பது என்ற கேள்வி எழும்போதெல்லாம் எம்மவருட் சிலர் சலித்துக்கொள்கின்றனர். “நேற்றொரு பெயர், இன்றொரு பெயர், நாளை மற்றொன்று, இவற்றையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு திரிவதற்கு எமக்கு வேறு வேலை இல்லையா?” என்பது அவர்தம் வாதம். சந்தையிலும் தெருவிலும் மாத்திரம் இவ்வாதம் கேட்கப்படுமாயின் பொருட்படுத்தாது விட்டுவிடலாம். சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் ஆசிரியர்களும், ஊரில் மதிப்போடு வாழும் கமக்காரரும் இதனைக் கூறக் கேட்கின்றோம். ஆதலின் இதற்கு மறுமொழி கூறுவது எம் கடனாகின்றது.

நாம் இங்கு எடுத்துக்கொண்ட வழக்கு, மலைநாட்டிலே கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் தம் உடலை உரமாக்கிய தமிழ் மக்களின் பெயர் பற்றியது. அவர்களை எவ்வாறு அழைக்கவேண்டும்? அதனைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு? அவர்கள் தம் பெயரை மாற்றினால் நாமும் மாற்றவேண்டுமா?

மாற்றவேண்டும் என்பதே எம் முடிபு. காரணங்களை வரிசையாகக் கூறுவோம்.

பிறர் சூட்டிய பெயர்கள்

அம்மக்கள் 1823ஆம் ஆண்டைத் தம் வரவின் தொடக்கமாகக் கொள்கின்றனர். 2023இல், இருநூறாவது ஆண்டு நினைவாக, தம் முன்னோர் நடந்த வழியைப் பின்பற்றித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை கால்நடையாகவே சென்றனர். அந்த இருநூறு ஆண்டுகளில் அவர்களுக்கு வாய்த்த பெயர்களை எண்ணிப் பாருங்கள்.

முதலாவது, ‘கூலி’. கூலி என்பது நல்ல தமிழ்ச் சொல். உழைத்தவனுக்குக் கொடுக்கவேண்டிய ஊதியத்தைக் குறிப்பது. வெள்ளைத் துரைமார் அந்தச் சொல்லை எடுத்து மனிதனின் நெற்றியில் ஒட்டினர். ஊதியத்தைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, ஊதியத்தின் பெயரையே அவனுக்குப் பெயராகக் கொடுத்தனர்.

இரண்டாவது, ‘தோட்டக்காட்டான்’. இதனைச் சூட்டியவன் வெள்ளையனல்லன். தமிழன் தமிழனுக்குச் சூட்டிய பெயர் இது. காட்டை வெட்டித் தோட்டமாக்கியவனைப் பார்த்துக் காட்டான் என்று சொன்ன நாவு எம்மினத்தின் நாவேயாகும். மூன்றாவது, ‘வடக்கத்தியான்’. பாக்குநீரிணைக்கு அப்பாலிருந்து வந்தவன் என்ற பொருளில் யாழ்ப்பாணத்தில் வழங்கிய இளக்காரச் சொல். நான்காவது, ‘கள்ளத்தோணி’. சட்டப்படி, அரசாங்கத்தின் அனுமதியோடு, தோட்ட முதலாளியின் தேவைக்காக அழைத்துவரப்பட்டவனின் பேரப்பிள்ளைகளைக் கள்ளமாய்த் தோணியேறி வந்தவர்கள் என்று கூறும் பொய். இப்பொய் சிங்கள மொழிக்குள்ளும் புகுந்து நிலைபெற்றது.

ஐந்தாவது, ‘இந்தியத் தமிழர்’. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு, தமிழரை இலங்கைத் தமிழர் என்றும் இந்தியத் தமிழர் என்றும் முதன்முறையாக இரு கூறாக எழுதிற்று. ஆறாவது, ‘நாடற்றவர்’. இது 1948இற்குப் பின் சட்டம் அளித்த பரிசு.

இந்த ஆறு பெயர்களுள் ஒன்றையேனும் அவர்கள் கேட்டுப் பெற்றார்களா? இல்லை. பெயர்கள் அடிக்கடி மாறுகின்றன என்று முறையிடுவோர், அவற்றை மாற்றி மாற்றிச் சூட்டியவர்கள் யாரென்பதை முதலில் ஆராய்வார்களாக. ஆறு பெயர்களை ஒரு சிரமமுமின்றிக் கற்றுக்கொண்ட நாவுக்கு, ஏழாவதாக அவர்களே விரும்பிச் சொல்லும் பெயரை உச்சரிக்கும்போது மாத்திரம் களைப்பு வருவது எதனால்?

கேடயமாயிருந்த சொல் சுருக்கானது

“ஒரு காலத்தில் அவர்களே தம்மை இந்தியர் என்று சொல்லிக்கொண்டார்களே!” என்று சிலர் மடக்குவர். உண்மை. 1939இல் ஜவாகர்லால் நேரு இலங்கை வந்துசென்றதை ஒட்டித் தோன்றிய இயக்கம் தன்னை ‘இலங்கை இந்தியர் காங்கிரஸ்’ என்றே அழைத்தது. துரையின் முன்னும் கங்காணியின் முன்னும் நாதியற்று நின்ற மக்களுக்கு, எமக்குப் பின்னால் ஒரு பெருநாடு உண்டு என்று காட்டுவதற்கு அச்சொல் அன்று கேடயமாயிற்று. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனக் கட்டளைச் சட்டமும் ‘இந்தியத் தொழிலாளர்’ என்ற பெயராலேயே அவர்களுக்குப் பாதுகாப்பளித்தது.

ஆயின் பின்னர் நிகழ்ந்தது என்ன? 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அவ்வியக்கத்தைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டமும் தேர்தல் திருத்தச் சட்டமும் தொடர்ந்தன. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்மக்களின் பிரதிநிதி ஒருவரும் தெரிவாகவில்லை. 1977 வரை அந்த வெறுமை நீடித்தது.

சட்டம் கற்றோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகத்தை எடுத்துப் பார்க்கட்டும். பரம்பரை வழிப் பிரசாவுரிமை பற்றிய பிரிவில் ‘இந்தியத் தமிழர்’ என்ற சொல் கிடையாது. அக்காலத்துக்கு முன் இலங்கையில் பிறந்தவனாயின், தந்தை இலங்கையிற் பிறந்திருக்கவேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருக்கவேண்டும். அவ்வளவே. இவ்விதி எல்லோருக்கும் பொதுவானதுபோலத் தோன்றுகிறதன்றோ? ஆனால் வலிகாமத்திலும் வன்னியிலும் கமஞ்செய்த எங்கள் முன்னோருள் எத்தனைபேரிடம் தந்தையின் பிறப்பத்தாட்சிப் பத்திரம் இருந்தது? பூட்டனின் பத்திரம் எவரிடம் இருந்தது? ஆயினும் அவர்களை நிறுத்திப் பத்திரம் கேட்டவர் எவருமிலர். தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவனை மாத்திரம் கேட்டனர். வேறுபாடு யாது? அவன் பெயருக்கு முன்னால் ‘இந்திய’ என்ற ஒரு சொல் நின்றது. முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்னர்க் குடிசன மதிப்பு எழுதிவைத்த அந்த ஒரு சொல்லே, சட்டம் யார்மேற் பாயவேண்டும் என்பதைச் சுட்டிக்காட்டும் விரலாயிற்று.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஏறத்தாழ 9,75,000 மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்ப்பதென்றும் இரு பிரதமர்கள் தீர்மானித்தனர். பின்னர்ப் பார்க்கவேண்டியவர்களை 1974இற் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டனர். சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதம் பெறப்படவில்லை. ‘இந்தியர்’ என்றால் இந்தியாவுக்கு அனுப்புவது நியாயந்தானே என்று நாடு அமைதி கொண்டது. ஒரு பெயர் எவ்வளவு வேலை செய்யவல்லது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமா?

எஞ்சியிருந்த நாடற்றோரின் குறை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலேயே பெரும்பாலும் தீர்ந்தது. 1948இலிருந்து எண்ணினால் ஐம்பத்தைந்து ஆண்டுகள்! இத்தனைக்கும் பின்னர், அவர்கள் அந்தச் சொல்லை உதறிவிட்டு வேறொன்றைக் கேட்பதைச் சபலம் என்று கூறுவோர், சூடுபட்டவன் கையை இழுத்துக்கொள்வதையும் சபலம் என்றே கூறுவர் போலும்.

மண்ணைச் சொல்லும் பெயர்

‘மலையகம்’ என்ற சொல்லை 1960களில் அம்மண்ணின் ஆசிரியரும் எழுத்தாளரும் இளைஞரும் கொடிபோல் உயர்த்தினர். 1989இல் பெ. சந்திரசேகரன் தோற்றுவித்த மலையக மக்கள் முன்னணி அதனைத் தன் கட்சிப் பெயரிலேயே பொறித்துக்கொண்டது. இப்பெயர்களின் வரிசையை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். ‘கூலி’ என்பது துரை கொடுத்த சம்பளத்தால் வந்த பெயர். ‘தோட்டக்காட்டான்’ என்பது துரையின் சொத்தால் வந்த பெயர். ‘இந்தியன்’ என்பது விட்டுவந்த நாட்டால் வந்த பெயர். ‘மலையகத்தான்’ என்பதொன்றே, அவன் பிறந்து, உழைத்து, பெற்றோரைப் புதைத்த மண்ணால் வந்த பெயர். தோட்டம் முதலாளிக்கு உரியது. மலையகமோ அங்கு வாழ்வோர்க்கு உரியது. இங்கிருந்து எம்மை எவரும் அனுப்பமுடியாது என்ற உரிமைக் குரல் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கின்றது.

ஆதலின் பெயர் மாறிய ஒவ்வொரு முறையும் ஓர் உரிமை கேட்கப்பட்டது என்பதை அறிதல் வேண்டும். பெயர் மாறுவதைக் கண்டு எரிச்சலடைவோர், தாம் அறிந்தோ அறியாமலோ, உரிமை வளர்வதைக் கண்டு எரிச்சலடைகின்றனர்.

நினைவில் வைத்துக்கொள்வது கடினமாம்!

இனி, கடினம் என்ற வாதத்தைக் கவனிப்போம். சட்டத்தரணிகளைக் கேட்கின்றோம். 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் நீதிமன்றங்களின் அமைப்பையும் அதிகாரத்தையும் மாற்றிற்று. ஐந்தாண்டு கழியுமுன் 1978இல் அவை மறுபடியும் மாறின. பழைய நீதிமன்றின் பெயரையே எழுதுவேன் என்று வழக்குப் பத்திரம் தாக்கல் செய்தவர் எவரேனும் உண்டா? வைத்தியர்களைக் கேட்கின்றோம். ‘குட்டரோகி’ என்று எழுதிய கை ‘தொழுநோயாளர்’ என்று எழுதப் பழகவில்லையா? கமக்காரரைக் கேட்கின்றோம். மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் விதைத்த வயலில் இன்று பி.ஜி. 360 என்றும் ஏ.ரி. 362 என்றும் இலக்கத்தோடு நெல்லின் பெயர் சொல்லுகின்றீர்கள். ஒரு போகம் கழித்து வரும் புதிய இனத்தின் இலக்கத்தையும் பிசகாமற் சொல்லுவீர்கள். நெல்லின் பெயரை மாற்றிச் சொன்னால் விளைச்சல் பிழைக்கும் என்பதை அறிவீர்கள். உங்கள் வயலில் நாற்று நடும் பெண்ணின் பெயரைச் சரியாகச் சொல்லுவது அதனினும் கடினமோ?

பயன் உண்டு என்று கருதும் இடத்தில் மனிதன் எதையும் கற்றுக்கொள்ளுகின்றான். கற்க மறுக்கும் இடத்திற் குறைவது மதிப்பேயன்றி நினைவாற்றல் அன்று.

“பெயர் மாறினால் வயிறு நிறையுமா?”

மற்றொரு சாரார், பெயரில் என்ன இருக்கிறது, காணி கொடுங்கள், வீடு கொடுங்கள், சம்பளம் கொடுங்கள் என்பர். காணியும் வீடும் சம்பளமும் வேண்டும் என்பதில் எமக்கும் அவர்க்கும் பேதமில்லை. ஆனால் பெயரும் காணியும் வெவ்வேறு என்று கருதுவது பிழை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும்வரை, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை நிதியைத் தாராளமாகச் செலவிட வழியிருக்கவில்லை. அயலிலுள்ள கிராமத்திற்கு வீதி உண்டு, விளக்கு உண்டு. வாக்களித்த தோட்டத்து மக்களுக்கு இல்லை. ஏன்? ஒன்றுக்குப் பெயர் கிராமம். மற்றதற்குப் பெயர் தோட்டம். தோட்டம் என்பது கம்பனியின் சொத்து. அங்கு வாழ்வோர் அதன் உபகரணம் என்ற எண்ணம் அப்பெயரோடு ஒட்டியிருந்தது. பெயரை மாற்றினால் மாத்திரம் போதாது. ஆயின் பெயரை மாற்ற மறுப்பவர் காணி கொடுக்க முன்வருவார் என்று நம்புவதற்கு இடமில்லை.

“எல்லோரும் தமிழர்தாமே!”

இனி வருவது எல்லா வாதங்களிலும் இனிமையானது. ஆகவே மிக ஆபத்தானது. “நாமெல்லோரும் தமிழர். தனிப்பெயர் எதற்கு? அது எம்மைப் பிரித்துவிடும்” என்று மேடைகளிற் கூறுவோர் உளர். ஒற்றுமையில் எமக்கு எவரினும் குறைந்த பற்று இல்லை. 1948, 1949ஆம் ஆண்டுகளில் மலையக மக்களின் உரிமை பறிபோனபோது வடக்கின் தமிழ்ப் பிரதிநிதிகள் ஓரணியில் நிற்கவில்லை என்பதும், அந்தப் பிளவிலிருந்தே 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது என்பதும், 1985இல் திம்புவில் முன்வைக்கப்பட்ட நான்கு கோட்பாடுகளுள் ஒன்று இத்தீவைத் தம் நாடாகக் கொள்ளும் எல்லாத் தமிழரின் பிரசாவுரிமை பற்றியது என்பதும் வாசகர் அறிந்தவையே.

ஆனால் மேலிருந்து சுமத்தப்படும் ஒற்றுமை என்ன விளைவைத் தரும் என்பதற்கு எம் வரலாற்றில் ஓர் உதாரணம் உண்டு. 1885இல் சட்டநிரூபண சபையிலும், பின்னர் 1888இல் எழுதிய கட்டுரையிலும், சேர் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதித்தார். அதற்கு 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் நூலாகவே மறுப்பு எழுதினார். வாதத்தில் யார் சரி என்பது இங்கு கேள்வியன்று. கேட்டறியாமல் ஒரு சமூகத்தின் பெயரைத் தீர்மானித்தது, இணைப்பதற்குப் பதிலாக இருபக்கத்திலும் ஐயத்தை வளர்த்தது. நூற்றாண்டு கடந்தும் அந்த ஐயம் முற்றாக நீங்கவில்லை.

மேலும், ‘எல்லோரும் தமிழரே’ என்னும் குரல் எங்கெங்கே ஒலிக்கின்றது என்று கவனியுங்கள். தேர்தல் மேடையில் ஒலிக்கும். 1958இலும் 1977இலும் 1983இலும் நிகழ்ந்த வன்செயல்களால் அடிபட்டு, வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்து காடு வெட்டிக் குடியேறிய மலையக மக்களின் பிள்ளைகள், சம்பந்தம் பேசப்படும் வீட்டிலும் கோயில் நிருவாகக் கூட்டத்திலும் காணி உத்தரவுப் பத்திரத்துக்கான வரிசையிலும் நிற்கும்போது அக்குரல் தணிந்துவிடும். “அவையள் தோட்டக்காட்டார்” என்ற முணுமுணுப்பே அங்கு கேட்கும். பிரிவினை தனிப்பெயரால் வரவில்லை. அது முன்னரே வீட்டுக்குள் இருக்கின்றது. இழிபெயரை அந்தரங்கத்திலும் பொதுப்பெயரை மேடையிலும் வைத்துக்கொண்டு, அவர்கள் விரும்பும் பெயரை இரண்டிடத்திலும் மறுப்பது எந்த ஒற்றுமை?

எம்மைப் பற்றியும் ஒரு சொல். ‘சிறுபான்மையினர்’ என்று கொழும்பு எம்மை அழைக்கும்போது, இல்லை, நாம் ஒரு தேசிய இனம் என்று எழுபது ஆண்டுகளுக்கு மேலாக உரத்துச் சொல்லி வருகின்றோம். எம் பெயரை நாமே தீர்மானிப்போம் என்பதே அதன் பொருள். அந்த உரிமையைத் தனக்குக் கேட்டுப் பிறர்க்கு மறுப்பவனின் வழக்கு எந்த மன்றிலும் நில்லாது.

அவர்களுக்குள்ளேயே இணக்கமில்லையே!

உண்மை. கொழும்பிலும் பிற நகரங்களிலும் வாழ்வோர் பலரும், மூத்த தலைமுறையினர் பலரும் ‘இந்திய வம்சாவளித் தமிழர்’ என்ற பெயரை விரும்புகின்றனர். மலையிற் பிறவாத எமக்கு மலையகத்தார் என்ற பெயர் பொருந்துமா என்று அவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு இரண்டையும் அருகருகே எழுதிற்று. இந்த வழக்கு அவர்களுக்குள் நடப்பது, தீர்ப்பும் அவர்களுடையது. வழக்காளியாகவோ எதிராளியாகவோ இல்லாத நாம் நீதிபதியின் ஆசனத்தில் ஏறி அமர்வதற்கு எமக்கு நியமனப் பத்திரம் தந்தவர் யார்? தனிமனிதர் ஒருவர் தம்மை எவ்வாறு சொல்லுகின்றாரோ அவ்வாறே எழுதுவோம். பொதுவிற் பேசும்போது, அவர்களின் பெரும் இயக்கங்களும் எழுத்தாளரும் ஏற்றுக்கொண்ட ‘மலையகத் தமிழர்’ என்பதை வழங்குவோம். நாளை அவர்கள் வேறொன்றை ஏற்பாராயின் அதனையும் ஏற்போம்.

செய்யவேண்டியவை

பேச்சோடு நில்லாது, வாசகர் முன் சிலவற்றை வைக்கின்றோம்.

சட்டத்தரணிகளும் நொத்தாரிசுமார்களும் சத்தியக் கடதாசியிலோ உறுதியிலோ ஒருவரின் இனத்தை எழுதவேண்டி வரும்போது, பழைய பத்திரத்தைப் பார்த்துப் படி எடுக்காமல், கட்சிக்காரரைக் கேட்டு எழுதுக. பிறப்புப் பதிவாளர்மார், பெற்றோர் கூறும் இனப்பெயரைத் திருத்தாமற் பதிக. பெற்றோரும் அதனை வற்புறுத்துக. அதிபர்களும் ஆசிரியர்களும், பாடசாலை வளவுக்குள் ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல் கேட்குமாயின், ஏனைய வசைச் சொற்களைக் கண்டிப்பதுபோலவே கண்டிக்க. கோயில் தர்மகர்த்தாக்களும் கமக்காரர் அமைப்புகளும் உறுப்பினர் பட்டியலில் ‘வந்தவர்’, ‘குடியேறியவர்’ என்ற பிரிவினை இருப்பின் அதனை அழித்துவிடுக. ஐம்பது ஆண்டு ஒரே நிலத்திற் பயிர் செய்தவர் இன்னும் வந்தவராக இருக்கமுடியாது.

கமக்காரருக்குத் தனியே ஒன்று. வரும் பெரும்போகத்துக்கு நாற்று நடவும் களை பிடுங்கவும் அருவி வெட்டவும் ஆள் அழைப்பீர்கள். அழைக்கப்படுவோருட் பலர் தர்மபுரத்திலும் வவுனியாவின் அயலிலும் வாழும் மலையக வழிவந்த குடும்பத்தினராக இருப்பர். உம்மிலும் வயதில் மூத்தவரை ‘டேய்’ என்றும் ‘அடியே’ என்றும் அழைக்கும் வழக்கத்தை வரம்பிலேயே விட்டுவிடுங்கள். அண்ணை என்றும் அக்கா என்றும் ஐயா என்றும் அழையுங்கள். பேசிய கூலியை அன்றன்றைக்கே கையிற் கொடுங்கள். எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று எவரேனும் கேட்டால், இந்த ஊர்தான், எங்கடை ஊர்ப்பிள்ளைதான் என்று அவர்கள் கேட்கும்படி சொல்லுங்கள்.